சும்மா விட்ட தண்ணீர்

சகாயராஜ் தன் ஒரே மகளை வேறு ஒன்றியத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். எவ்வளவு தூரம் என்று யாராவது விசாரித்தால், "ரோட்டைத் தாண்டணும்" என்பார். அவர் தமாஷ் பண்ணவில்லை. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே உள்ளே போகும் தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு காலனி வரும். சாலைக்குத் தெற்கே இருக்கும் அறுபது வீடுகள் மயிலம் ஒன்றியம், நாவலேந்தல் ஊராட்சி. வடக்கே இருக்கும் நாற்பத்திரண்டு வீடுகள் வல்லம் ஒன்றியம், அரசம்பட்டு ஊராட்சி. இரண்டு பக்கத்துக்கும் மாதா கோயில் ஒன்று, கல்லறை ஒன்று, டீக்கடை ஒன்று, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கக் கூலிக்கு ஆள் ஏற்ற வரும் மினி லாரி ஒன்று. சர்க்கார் மட்டும் இரண்டு. அந்தக் கோட்டைப் போட்ட புண்ணியவான் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எப்போதோ ஒரு கை பார்த்திருப்பார்கள்.

சகாயராஜுக்கு வீடும் தெற்கில், வேலையும் தெற்கில். நாவலேந்தல் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, தெருவுக்குத் தெரு வால்வு திறந்து தண்ணீர் விடுவது, மூடுவது. அதற்கு முன்பு அவர் பார்க்காத பாடில்லை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஐந்து வருஷம் கரும்பு வெட்டினார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்து, சாரத்திலிருந்து விழுந்து, குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். நொண்டிக் கால்காரனுக்கு எந்த மேஸ்திரி வேலை கொடுப்பான்? பதினோரு வருஷத்துக்கு முன் அப்போதைய தலைவர் பார்த்துக் கொடுத்ததுதான் இந்த டேங்க் வேலை. அன்றிலிருந்து அவர் பெயர் டேங்கு. அவர் வீடு டேங்கு வீடு. அவர் மனைவி லூர்துமேரி, "டேங்கு பொண்டாட்டி" என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுவாள்.

அரசம்பட்டு ஊர் மூன்று கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருந்தது. அங்குள்ள தொட்டியிலிருந்து மேட்டில் இருந்த இந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. வீட்டுக்கு வீடு நீலக் குழாய் நட்டுப் போனார்கள். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். ஆனால் ஏட்டில் அரசம்பட்டு, நூற்றுக்கு நூறு வீட்டுக்கும் குடிநீர் கொடுத்து முடித்த ஊராட்சி. எனவே அங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்று யாரும் மனு கொடுக்க முடியாது. கொடுத்தால் உங்களுக்குத்தான் கொடுத்தாயிற்றே என்று பதில் வரும்.

அப்புறம் எப்படி அவர்கள் குடித்தார்கள்? ஒரு காண்ட்ராக்டரின் தயவில். நாவலேந்தல் காலனிக்குப் பைப் புதைக்க வந்த அந்த வெளியூர்க்காரர், "வீடு எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவன் கையை நீட்டிக் கடைசி வீட்டைக் காட்டினான். அந்தக் கடைசி வீடு வடக்கில் இருந்தது. காண்ட்ராக்டர் சாலைக்கு அடியில் துளை போட்டு, மறுபக்கம் மூன்று பொதுக்குழாயையும் வைத்து, பில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஒன்றியங்களும் ஐம்பது வருஷம் கூடிப் பேசினாலும் நடக்காத காரியத்தை எல்லை தெரியாத ஒரு மனிதர் ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்.

சகாயராஜ் வேலைக்கு வந்த முதல் வாரமே தொட்டியடி வால்வுக் குழியில் இரண்டு வால்வு இருப்பதைப் பார்த்தார். ஒன்று தெற்குக்கு. இன்னொன்று எதற்கென்று திறந்து பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு குடத்தோடு ஓடிவந்தார்கள். அவ்வளவுதான் உடன்படிக்கை. அன்றிலிருந்து தினமும் முதலில் தெற்கு, பிறகு வடக்கு. தெற்கில் சாவு விழுந்தால் வடக்குக்குக் கால் மணி குறையும். வடக்கில் காதுகுத்து என்றால் தெற்குக்குக் குறையும். முணுமுணுப்பு உண்டு, சண்டை இல்லை. இரண்டு ஊராட்சித் தலைவர்களுக்கும் தெரியுமா என்றால் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அளவுக்கு இருவரும் விவரமானவர்கள்.

இப்படிக் காதும் காதும் வைத்தாற்போல் போய்க்கொண்டிருந்த ஊருக்கு, போன வருஷம் மாசி மாதத்தில் நல்லது செய்ய ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் நெடுஞ்செழியன். சென்னையில் ஏதோ ஒரு நிறுவனம். ஊராட்சிகள் ஒன்றோடொன்று கைகோத்து வளர்ச்சிப் பணி செய்வதைத் தேடிப் பிடித்துப் புத்தகம் போடுவது அவர் வேலை. மாவட்டம் பூராவும் இரண்டு மாதம் சுற்றியும் ஒரு கைகோத்தலும் அவர் கண்ணில் படவில்லை. வெயிலில் கறுத்து, கூட்டேரிப்பட்டு டீக்கடையில் நொந்துபோய் உட்கார்ந்திருந்தவரிடம் பக்கத்தில் இருந்த யாரோ வாய்விட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் வால்வுக் குழிக்கு வந்துவிட்டார்.

நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. சகாயராஜை "ஐயா" என்று கூப்பிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் சகாயராஜை முதல்முதலாக ஐயா என்று கூப்பிட்ட சட்டை போட்ட மனிதர் அவர்தான். கையில் இருந்த டேப்லெட் கம்ப்யூட்டரில் கேள்விகள் வரிசையாக இருந்தன.

"ரெண்டு ஊராட்சிக்கும் தண்ணி பகிர்ந்து குடுக்கறீங்க. எந்த ஒப்பந்தத்தின் அடிப்படையில ஐயா?"

"ஒப்பந்தமா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். சும்மாதான் விட்டுக்கினு கீறேன்."

"சும்மாவா?"

"ஆமா சார். சும்மாதான்."

நெடுஞ்செழியனுக்குக் கண் விரிந்தது. "இலவசம்" என்ற கட்டத்தைத் தட்டினார்.

தமிழில் இந்தச் சும்மாவைப் போல ஒரு பொல்லாத சொல் கிடையாது. சும்மா வந்தேன் என்றால் காரணமில்லாமல் வந்தேன். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்காமல் கொடுத்தான். சும்மா இரு என்றால் வாயை மூடு. சகாயராஜ் சொன்னது முதலாவது. தண்ணீர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, அந்தப் பக்கம் தாகமாக இருக்கிறார்கள், இதற்கு ஒரு அடிப்படை வேறு வேண்டுமா என்பது அவர் எண்ணம். நெடுஞ்செழியன் எழுதிக்கொண்டது இரண்டாவது. மூன்றாவதை அன்றைக்கே கடைப்பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலு மாதத்தில் புத்தகம் வந்தது. வழவழவென்று தாள். பதினாறாம் பக்கத்தில் சகாயராஜின் படம், கையில் வால்வு திறக்கும் நீண்ட இரும்புச் சாவியுடன். கீழே, "அண்டை ஊராட்சிக்குப் பதினோரு ஆண்டுகளாக இலவசக் குடிநீர்: எல்லை கடந்த கூட்டாட்சி" என்று கொட்டை எழுத்து. ரேஷன் கார்டு, ஓட்டு லிஸ்ட் தவிர வேறெங்கும் அச்சில் வராத பெயர் அவருடையது. ஓட்டு லிஸ்டிலும் சகாராஜ் என்றுதான் இருந்தது. இதில் ஒரு எழுத்து பிசகவில்லை. திண்டிவனம் போய் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நாவலேந்தல் தலைவர் ஜெகதீசன் வெள்ளைச் சட்டையில் வந்தார். அரசம்பட்டுத் தலைவர் பொன்னி பட்டுப்புடவையில் வந்தார். பதினோரு வருஷமாகக் கைகோத்து உழைத்த இருவரையும் மேடைக்கு அழைத்தபோது, ஜெகதீசன் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இதுல அரசம்பட்டு தலைவரம்மா யாருங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கேடயம் இரண்டு. சகாயராஜுக்குச் சால்வை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிரியாணி சாப்பிட்டார். உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அன்று மனசார நம்பினார்.

அந்த நம்பிக்கை ஒன்றரை மாதம் தாங்கியது. நாவலேந்தல் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தவர், மேசையில் ஜெகதீசனே பெருமையாக வைத்திருந்த புத்தகத்தைப் புரட்டினார். பதினாறாம் பக்கத்தில் நின்றார்.

"இலவசமா வேற ஊராட்சிக்கு, அதுவும் வேற ஒன்றியத்துக்குத் தண்ணி விட்டிருக்கீங்க. எந்தத் தீர்மானத்துல இலவசம்னு போட்டிருக்கு? நம்பர் குடுங்க."

ஜெகதீசன் தீர்மான நோட்டைத் தேடுவதுபோல் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். அரசம்பட்டுக்கும் அதே வாரம் வேறு மாதிரி ஒரு கேள்வி போனது. நூறு சதவீதம் குடிநீர் கொடுத்துவிட்டதாகச் சொன்ன நீங்கள் எதற்குப் பக்கத்து ஊரில் வாங்கிக் குடிக்கிறீர்கள்? பொன்னி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இனிமேல் முறைப்படி செய்வோம் என்று முடிவானது. ஒரு காரியத்தைக் கெடுப்பதற்கு முறையைப் போல ஒன்று கிடையாது. இரண்டு ஊராட்சிக்கும் சேர்த்துக் கூட்டுக் குழு போட்டார்கள். எந்த ஊர்க் கட்டடத்தில் கூடுவது என்பதில் முதல் இரண்டு கூட்டம் போயிற்று. கடைசியில் மாதா கோயில் வாசலில், சாலையைப் பார்த்தபடி, அந்தப் பக்கத்தார் அந்தப் பக்கமும் இந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமுமாக நாற்காலி போட்டுக்கொண்டார்கள். இரண்டு கிராம சபையிலும் தீர்மானம் போட்டு, இரண்டு ஒன்றியத்துக்கும் அனுப்பி, அனுமதி வந்தபிறகு தண்ணீர். அதுவரை வடக்கு வால்வுக்குப் பூட்டு. பூட்டு ஒன்று போதாது, இரண்டு. ஒரு சாவி நாவலேந்தல் செயலாளரிடம், ஒரு சாவி அரசம்பட்டுச் செயலாளரிடம். இருவரும் சேர்ந்து வந்து, சேர்ந்து திறந்தால்தான் கூட்டாட்சி. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி, சகாயராஜிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள்.

செயலாளர்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்தது மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு மோட்டார் காயில் போய்விட்டிருந்தது.

நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டித் தெற்குக் குழாய்க்கு வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் குழாய் வழியாகச் சாலையைக் கடந்தால்தான் குற்றம், இடுப்பில் கடந்தால் குற்றமில்லை. கல் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் பறக்கும் சாலை அது. ஒரு டிரிப் கூட அடிக்கலாம் என்ற அவசரத்தில் காலையில் ஓட்டுநர்களுக்குக் கண்ணே தெரியாது. சகாயராஜ் தண்ணீரைத் திறந்துவிட்டு, லூர்துமேரியின் சிவப்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நிற்பார். லாரி நிற்கும். பெண்கள் கடப்பார்கள். ஓட்டுநர்கள் அவருடைய தாயையும் பாட்டியையும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வரிசையில் கலையரசியும் வருவாள். அவர் மகள். மாசம் ஏழு. புருஷனுக்கு ஶ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. "நீ ஏன்டி வர்றே, அம்மா கொண்டாந்து தருவா" என்று சொன்னால், "அம்மா எத்தினி வூட்டுக்குக் கொண்டாரும்? எம் மாமியாருக்கு முட்டி வலி, பக்கத்து வூட்டுல கெழவி" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். ஒரு திங்கட்கிழமை பாதிச் சாலையில் அவளுக்குத் தலை சுற்றி, குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிப்பர் பிரேக் போட்டு நான்கு முழத்தில் நின்றது. உருண்டுபோன குடம் சக்கரத்தில் நசுங்கியது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சகாயராஜ் நசுங்கிய குடத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் ஜெகதீசன் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே பொன்னியும் வந்திருந்தார். தணிக்கைக் கேள்விக்குப் பதில் எழுதக் கடைசி நாள் நெருங்கிவிட்டதில் இருவரும் உண்மையாகவே கூட்டாகிவிட்டிருந்தார்கள்.

"தலைவரே, எம் பொண்ணு நேத்து லாரிக்கு அடியில போவப் பாத்தா. பூட்டை எடுத்துடுங்க. தீர்மானம் வர்றப்ப வரட்டும்."

"எடுத்தா என் தலை போயிடும் சகாயம். உனக்கே தெரியும். கேள்வி முடியாம பூட்ட எடுக்க முடியாது."

பொன்னி புத்தகத்தின் பதினாறாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது வரைதான் படித்தவர் என்றாலும் அந்தக் குழுவில் மூளை இருந்தது அவர் ஒருவருக்குத்தான். "அண்ணே, அந்த ஆளுகிட்ட இன்னா சொன்னீங்கோ? அப்படியே சொல்லுங்க" என்றார்.

"சும்மாதான் விடுறேன்னு சொன்னேன் தலைவரம்மா."

"சும்மா விடுறேன்னு சொன்னீங்க. அதையே கொஞ்சம் திருப்பி, சும்மா சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டா?"

ஜெகதீசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சகாயராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தண்ணீர் வடக்கே ஒருநாளும் போகவில்லை. ஊர் பெருமைக்காக ஆபரேட்டர் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். விசாரிக்காமல் புத்தகம் போட்டுவிட்டார்கள். தண்ணீரே போகவில்லை என்றால் இலவசம் ஏது, தீர்மானம் எதற்கு? அரசம்பட்டு நூறு சதவீதமும் அப்படியே இருக்கும். தண்ணீர் போகாத பைப்புக்குப் பூட்டு எதற்கு?

"பூட்டு அன்னைக்கே போயிடும்" என்றார் பொன்னி. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ஆனா பொய்த் தகவல் குடுத்த ஆளை வேலையில வெச்சிருக்க முடியாது. அதையும் சொல்லிடணும் இல்ல. நாளைக்கு எங்களத் திட்டக்கூடாது பாருங்க" என்றார்.

ஜெகதீசன் ஜன்னலைப் பார்த்தார். "கொஞ்ச நாள் ஆவட்டும் சகாயம். வேற எதனா பாக்கலாம்."

சகாயராஜ் நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். வேலை போவதைவிட அந்த எழுத்துதான் அவரை அறுத்தது. அவர் பொய்யே சொல்லாதவர் இல்லை. மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார், லூர்துமேரியிடம் வாரத்துக்கு இரண்டு சொல்வார். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சொன்னதில்லை. வாழ்க்கையில் தன்னைப் பற்றி அச்சில் வந்த ஒரே ஒரு நல்ல சேதி, அதுவும் நிஜமான சேதி, அது பொய் என்று தன் கையாலேயே எழுத வேண்டும். பதினோரு வருஷம் நொண்டிக் காலோடு அந்தக் குழிக்குள் இறங்கி ஏறியதெல்லாம் நடக்கவே இல்லை என்று எழுத வேண்டும். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

லூர்துமேரி கேப்பைக் கூழைக் கொண்டுவந்து வைத்தாள். விஷயம் அவளுக்கு வேறு வழியாக ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தது.

"இன்னா யோசனை? படத்துல கீற ஆளு வந்து குடம் தூக்கப் போறானா?"

"ஊரே பொய்யன்னு சொல்லும் மேரி."

"எந்த ஊரு? அந்தப் பக்கம் நாப்பத்திரண்டு வூட்லயும் உன் தண்ணிதான் குடிச்சிக்கினு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியாதா? கவர்மெண்டுக்கு நீ யாரு, மாமனா மச்சானா? ஜல்தி எழுதிக் குடுத்துட்டு வா. அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது."

மறுநாள் காலை எழுதிக் கொடுத்தார். வாசகத்தைச் செயலாளர் சொல்லச் சொல்ல அவரே தன் கைப்பட எழுதினார். "மேற்படி ஆய்வின்போது நான் கூறியதெல்லாம் சும்மா கூறியது. வடக்குப் பகுதிக்கு ஒருபோதும் தண்ணீர் விடப்படவில்லை என்பதை உண்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." உண்மையுடன் என்ற இடத்தில் பேனா நின்றது. "அது எல்லா லெட்டர்லயும் வர்றதுதான், போடுங்க" என்றார் செயலாளர். போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கேள்வி தீர்ந்தது. பூட்டு இரண்டும் கழன்றன. அவசியம் இல்லாத காரணத்தால் கூட்டுக் குழு ஏகமனதாகக் கலைக்கப்பட்டது. கேடயத்தைத் திருப்பிக் கேட்க எந்த விதியும் இல்லாததால் அவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பொய்த் தகவல் கொடுத்ததற்காக டேங்க் ஆபரேட்டர் சகாயராஜ் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய இடத்துக்குச் செல்வகுமார் என்பவர் போடப்பட்டார். ஜெகதீசனுக்குத் தூரத்துச் சொந்தம். திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். சட்டப்படி நடக்கிற ஆள் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து வடக்குப் பக்கத்தார் ஒருவர் மாற்றி ஒருவர் டேங்கு வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். சகாயராஜும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். பொய்யும் எழுதிக் கொடுத்து, வேலையும் போய், தண்ணீரும் வராமல் போனால்?

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பொறுப்பு ஒப்படைப்பு. குழிக்குப் பக்கத்தில் சகாயராஜ் நீண்ட இரும்புச் சாவியைச் செல்வகுமாரிடம் கொடுத்தார். மோட்டார் எப்போது சூடாகும், எந்த வால்வு இறுகும் எல்லாம் சொன்னார். தெற்கு வால்வைத் திறந்து காட்டினார். செல்வகுமார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், இரண்டாவது வால்வைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று குழாயடியிலும் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வகுமார் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு குழிக்குள் குனிந்து, சாவியை இரண்டாவது வால்வின் மேல் பொருத்திக்கொண்டு, அடிக்குரலில் கேட்டார்.

"அண்ணா, அந்தப் பக்கம் எம்மா நேரம் விடணும்?"

"அந்தப் பக்கம் தண்ணியே போறதில்ல தம்பி. என் கைப்பட எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார் சகாயராஜ். "ஏழேகாலுக்குத் தொற. எட்டரை வரைக்கும் ஓடட்டும். கடைசிக் கொழாய்க்குப் போய்ச் சேர பத்து நிமிசம் புடிக்கும், அதுக்குள்ள மூடிடாத."